சிவந்த கன்னத்துக்குச் சாட்சி

பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. என் மனைவி தேவகி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாட்டு டப்பாவைத் தொட்டியில் போடும் சத்தம் வந்தது. அடுத்தது தண்ணீர் பாட்டில்.

எங்கள் வீட்டில் சமையலறைக்கு நேர் எதிரே, நான் சவரம் செய்துகொள்ளும் கண்ணாடி மாட்டியிருக்கும். வாசல்படியில் இருந்து பார்த்தால் அதில் அடுப்பு மேடை தெரியும். அன்று அதில் தேவகி தெரிந்தாள். மூடியைத் திறந்தாள். பாட்டிலின் வாயை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள். அடியில் மிச்சம் கிடந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி அதையும் முகர்ந்தாள். பிறகு கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"டீ போடட்டாங்க?" என்று கேட்டாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"போடு" என்றேன். என் குரலிலும் இல்லை.

நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தாலும் யாருக்கும் தெரியாது; முகம்தான் முன்கூட்டியே சிவந்து கிடக்கிறதே. கொதிக்கக் கொதிக்க அந்த டீயைக் குடித்தேன். அதுவும் தப்பு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

செவத்தப்பய

இந்தத் தொடரில் என் ஊரைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. கோவில்பட்டிக்குப் பக்கம், கரிசல் பூமி. வெயிலில் எல்லோரும் கறுத்துப் போகிற இடத்தில் நான் ஒருத்தன் மட்டும் சிவந்த நிறமாகப் பிறந்துவிட்டேன். தெருவில் என் பெயரே 'செவத்தப்பய'தான். என் அம்மாவுக்கு அதில் பெருமை தாங்காது. கடைக்குப் போனால் நாலு பேர் பார்க்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவாள்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதட்டினால் என் கன்னம் ரத்தமாகிவிடும். மிளகாய்ச் சட்னி தொட்டால் ஆகும். பெண்கள் யாராவது பேசினால் சொல்லவே வேண்டாம். அது ஒரு நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கூச்ச சுபாவம் என்று நினைத்தோம்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்துக்கு வந்தவன், கியர் தயாரிக்கிற ஒரு கம்பெனியின் உலைக்கூடத்தில் சேர்ந்தேன். கியர்களைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் இறக்கி இறுக வைக்கிற வேலை. உலைக் கதவு திறக்கும்போது முகத்தில் அறையும் அனல் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? நெல் அவிக்கிற அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதோடு எண்ணெய்ப் புகை. எட்டு மணி நேரம். ஓ.டி. என்றால் பன்னிரண்டு.

கூச்ச சுபாவக்காரனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை

மணிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர்கள் பரம்பரையாக அங்கே விவசாயம் பார்த்தவர்கள். அவர்களுடைய மகள்தான் தேவகி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பாகம் பொருத்தும் லைனில் வேலை பார்த்தாள். ஒரே ஷேர் ஆட்டோவில் போய் வந்தோம். மற்றதை வாசகர்களே நிரப்பிக்கொள்ளலாம். இது காதல் அத்தியாயம் அல்ல.

கல்யாணப் பேச்சு வந்தபோது சாதி, ஊர், சம்பளம் என்று அவள் மாமன்மார் ஆளுக்கொன்று கேட்டார்கள். தேவகி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குடிப்பியா?"

"இல்ல."

"எப்பவாச்சும்? பிரெண்டுங்களோட?"

"எப்பவும் இல்ல. எனக்கு அந்த வாடையே ஆகாது."

"ஒரு நாள் குடிச்சிட்டு வந்தாலும் நான் வூட்ட வுட்டுப் போய்டுவேன். சண்டலாம் போட மாட்டேன். போய்டுவேன். அவ்ளோதான்."

அப்போது அவள் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. விவசாயத்தை விட்டுவிட்டுச் செங்கல் லாரி ஓட்டியவர். இருபது வருஷத்துக்கு மேல் குடித்தார் என்று ஊரே சொன்னது. கூடத்தில் அவர் படம் மாலையோடு மாட்டியிருந்தது. படத்தில் முகம் வழுவழுவென்று, பவுடர் பூசிய கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். லாரி ஓட்டியவர் முகம் இப்படியா இருக்கும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஸ்டூடியோக்காரர் கைவண்ணம் என்று விட்டுவிட்டேன்.

மரத்தூள் பசை

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

உலைக்கூடத்தில் குழாயடியில் ஒரு வாளி இருக்கும். அதில் மரத்தூள் போட்ட சோப்புப் பசை. கையில் ஏறிய எண்ணெயும் கரியும் சாதாரண சோப்புக்கு மசியாது. இந்தப் பசையை ஒரு விரல் எடுத்து நறநறவென்று தேய்த்தால் கை பளிச்சென்று ஆகிவிடும். ஆரஞ்சு மிட்டாய் வாசம் வேறு. கைக்கான பசை என்று வாளியிலேயே கை படம் போட்டிருக்கும்.

நான் அதை முகத்துக்குப் போட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. கல்யாணமான நாளில் இருந்து, ஏறக்குறைய நாலு வருஷம்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். உலைக்கூடத்து எண்ணெய்ப் புகை வாடை லேசில் போகாது. அந்த வாடையோடு புது மனைவி முன்னால் போய் நிற்கக் கூசியது. எனவே ஷிப்ட் முடிந்ததும் கழுத்தில் இருந்து நெற்றி வரை பசையைத் தேய்த்து, கொதிநீர்க் குழாயில் கழுவி, முரட்டுத் துண்டால் அழுத்தித் துடைப்பேன். அது போதாதென்று வாயில் நாலு ஏலக்காய் போட்டுக்கொள்வேன்.

சிவக்கத் தேய்த்த முகம். வாயில் ஏலக்காய். தினமும் அப்படித்தான் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன். குடிகாரரின் மகளுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு இறங்காமல் நிற்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தாலும் இருந்தது. மூக்கின் இரு பக்கமும் கன்னத்து மேட்டிலும் சிலந்தி நூல் மாதிரி சின்னச் சின்னச் சிவப்பு இழைகள். தண்ணீர் பட்டாலே எரிந்தது. எரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம் செய்துகொண்டு இன்னும் தேய்த்தேன். கம்பெனியில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே சுத்தம்தான். துடை, தேய், பளபளப்பாக்கு. மெஷினுக்குச் சொன்னதை மூஞ்சிக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

"ஊதுங்க சார்"

எங்கள் கேட்டில் ஒரு செக்யூரிட்டி உண்டு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் ஹவில்தார் என்றே கூப்பிடுவோம். ஷிப்டுக்கு உள்ளே போகிறவர்களில் பத்துக்கு ஒருத்தரைப் பிடித்து, குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் கருவியில் ஊதச் சொல்வார். யாரைப் பிடிப்பது என்பது அவர் இஷ்டம்.

தினமும் பிடித்தது என்னை.

"ஊதுங்க சார்."

ஊதுவேன். பூஜ்யம் காட்டும். அவர் கருவியைத் தட்டிப் பார்ப்பார். "இன்னொரு தடவ." மறுபடி பூஜ்யம். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். "ஏ செவத்தவா, எந்தப் பிராண்டுல இது, மெஷின்லயே மாட்ட மாட்டேங்குது?" என்பான் வேலுச்சாமி. எங்கள் பக்கத்துக்காரன், பக்கத்து உலைக்காரன்.

பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பனைமரம் முகத்திலேயே முளைத்திருந்தது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லி வைத்த புண்ணியவான் மட்டும் கையில் கிடைத்தால், அவரை ஒரு வாரம் உலைக்கு முன்னால் நிறுத்தியிருப்பேன்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னதே இல்லை. தினமும் கேட்டில் ஊதிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று எந்த ஆம்பிளை பெண்டாட்டியிடம் சொல்வான்? சொல்லியிருக்க வேண்டும். மானம் தடுத்தது.

வேட்டிக்குள் விட்ட ஓணான்

வேலுச்சாமிதான் ஒரு க்ரீம் சொன்னான்.

"ஏல, மெடிக்கல்ல போய் மூஞ்சி செவப்புக்குன்னு கேளு. ஒரு ட்யூப் தருவான். எம்மச்சான் போட்டான், மூணே நாளு. மூஞ்சி மைதா மாவு கணக்கா ஆயிட்டு."

"டாக்டர் சீட்டு கேக்க மாட்டானா?"

"அவனே டாக்டரு மாதிரிதாம்ல பேசுவான்."

வாங்கினேன். மூன்று நாள் வேண்டாம், இரண்டே நாளில் சிவப்பு காணாமல் போனது. ஹவில்தார்கூட ஒரு வாரம் என்னை விட்டுவிட்டார். தேவகி என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். "தெளிவா கீது" என்றாள். அவளை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. ஏதோ பெரிய மலையைப் புரட்டிவிட்ட சந்தோஷம் எனக்கு.

இரண்டு மாதம் கழித்து ட்யூப் தீர்ந்தது. ஊருக்குப் போயிருந்ததால் நாலு நாள் புது ட்யூப் வாங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை கண்ணாடியைப் பார்த்துப் பயந்துபோனேன். பழைய சிவப்பு போல மூன்று மடங்கு. தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே இருந்த இழைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. சின்னச் சின்னக் கொப்புளங்கள். காற்று பட்டாலே எரிச்சல்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் தேவகி பாட்டிலை முகர்ந்து பார்த்ததைக் கண்டேன்.

சும்மா இருப்பதற்கு ஒரு வைத்தியம்

குன்றத்தூரில் ஒரு தோல் டாக்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. முகத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு காலையில் இருந்து முகத்தில் என்னவெல்லாம் படுகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மரத்தூள் பசை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முகத்துக்கா?"

"ஆமா மேடம்."

"எத்தனை வருஷமா?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ரொம்ப எரிஞ்சிருக்குமே" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். என் தோலுக்கு இயற்கையிலேயே சீக்கிரம் சிவக்கிற குணம். அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். உள்ளே மயிரிழை மாதிரி ஓடும் ரத்தக்குழாய்கள் சூட்டுக்கு விரியும், பிறகு சுருங்கும். விரிந்து விரிந்து ஒரு கட்டத்தில் சுருங்க மறந்துவிடும். நான் தேய்த்துத் தேய்த்து மேல்தோலை அரித்தேன். அந்த ட்யூபில் இருந்த ஸ்டீராய்டு மிச்சத்தையும் மெலிய வைத்துவிட்டது.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?"

"முதல்ல, செய்யறதையெல்லாம் நிறுத்தணும்."

பசை கூடாது. கடலை மாவு, எலுமிச்சை, மஞ்சள் எதுவும் கூடாது. கொதிநீர் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஆறிய தண்ணீர். வாசனை இல்லாத, நுரை அதிகம் வராத ஒரு திரவத்தைக் காலையும் மாலையும் உள்ளங்கையால் தடவிக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் சாதாரண மாய்ஸ்சரைசர். வெளியே போனால் சன்ஸ்க்ரீன். டீயை ஆற்றிக் குடிக்க வேண்டும். ராத்திரிக்கு மட்டும் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார். முதல் சில வாரம் இன்னும் மோசமாகத் தெரியலாம், பயந்து மறுபடி அந்த ட்யூபைத் தொட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

எழுந்திருக்கும்போது கேட்டேன். "மேடம், சீட்டுல ஒண்ணு எழுதித் தர முடியுமா?"

"என்ன?"

"இவர் குடிக்கிறதில்லன்னு."

அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியாதே. குடிக்காதவங்களுக்கும் இது வரும்னு எழுதலாம். யாருக்குக் காட்டணும்?"

"வேண்டாம் மேடம். சும்மா கேட்டேன்" என்று வந்துவிட்டேன்.

லாக்கரில் ஒரு ரகசியம்

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மூன்று மாதத்தில் கண்டேன். எரிகிற முகத்தை எதுவும் செய்யாமல் விட்டுவைக்க வேண்டும். கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அதைவிடக் கஷ்டம் கழுவும் திரவம், மாய்ஸ்சரைசர் என்ற அந்த இரண்டு குப்பிகளை மறைப்பது. உலைக்கூடத்துக்காரன் லாக்கரில் மாய்ஸ்சரைசர் இருப்பது வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். பழைய கிரீஸ் டப்பாவைக் கழுவி அதற்குள் ஒளித்து வைத்தேன். மோப்பம் பிடித்துவிட்டான் வேலுச்சாமி.

"என்னல இது, ஹீரோ ஆகப்போறியா?"

"மூஞ்சி எரியுதுல. மருந்து."

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "எங்கழுத்துலயும் இப்படித்தான் எரியுது. கொஞ்சம் போடவா?" என்றான். மறுநாள் அவனாகவே உலைக் கதவு திறக்கும் வேலையை என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டான். நான் எண்ணெய்த் தொட்டி பக்கம் நின்றேன். அங்கே அனல் குறைவு. அந்த ட்யூபுக்கு அவன் செய்த பிராயச்சித்தம் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. தேவகி பேசினாள், சமைத்தாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் சாயங்காலம் ஆனால் அந்த மூடி திருகும் சத்தம். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டே, கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அலமாரியின் மேல்தட்டில் அவள் தன் துணிமணிகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்ததை ஒரு நாள் பார்த்தேன். சண்டை போட மாட்டேன், போய்விடுவேன் என்று சொன்னவள் அவள். கேட்கப் பயமாக இருந்தது. குடிக்காதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். அவள் போய்விட்டால் நான் குடிக்காதவன் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆயுத பூஜை

ஒரகடம் பக்கம் எல்லாக் கம்பெனிகளிலும் ஆயுத பூஜை அன்று வீட்டாரை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஆளுக்கொரு பொட்டலம் பொரி கடலை. குழந்தைகள் அப்பா நிற்கிற இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் தேவகியும் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கேட்டை நெருங்கியபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஹவில்தார்.

பழக்க தோஷம். என்னைக் கண்டதும் கை தானாகக் கருவியை எடுத்துவிட்டது. "ஊதுங்க சார்" என்றார். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் நின்ற தேவகியைப் பார்த்தார். சங்கடத்தோடு கையை இறக்கினார்.

"இன்னா சார் அது?" என்று தேவகி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. குடிச்சிருந்தா காட்டிக்குடுக்கும்."

"தெனம் ஊத சொல்வீங்களா?"

ஹவில்தார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தெனமும்தாம்மா. மூஞ்சப் பாத்து நான்தான் சந்தேகப்பட்டேன். ரெண்டு வருஷமா ஊதறார். ஒரு நாள்கூட எள்ளளவும் காட்டினதில்ல. இப்பல்லாம் சும்மா ஒரு பழக்கம், அவ்ளோதான். தப்பா எடுத்துக்காதீங்க."

தேவகி அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப ஊத சொல்லுங்க" என்றாள்.

ஊதினேன். வரிசையில் நின்றவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் பார்க்க ஊதினேன். பூஜ்யம் வந்தது. அவள் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். பூஜை முடிந்ததும் உலை முன்னால் நின்று, அணைந்த உலைதான், அதன் கதவைத் தொட்டுப் பார்த்தாள். குழாயடி வாளியையும் பார்த்தாள்.

திரும்பும் வழியில், "அந்த டாக்டராண்ட அடுத்த தபா போறப்ப நானும் வரேன்" என்றாள். டாக்டரிடம் போவது இவளுக்கு எப்படித் தெரியும்? முகர்கிறவளுக்குச் சீட்டு கண்ணில் படாமலா இருக்கும்.

ஒரு கேள்வி

டாக்டர் என் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை என்றார். எரிச்சல் போய்விட்டது. கொப்புளம் இல்லை. சிவப்பு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. இழைகள் மட்டும் மூக்கோரத்தில் அப்படியே நின்றன.

"அது போகாதா டாக்டர்?" என்று தேவகி கேட்டாள்.

"ஒரு தடவ விரிஞ்சு நின்னுட்ட ரத்தக்குழாய் தானா மறையாதும்மா. லேசர்ல குறைக்கலாம். அவசரம் இல்ல. அது நோய் இல்ல, பழைய அடையாளம்."

"இது குடியால வந்தது இல்லியே?"

"இல்லம்மா. குடிக்கிறவங்களுக்கும் மூஞ்சி இப்படி ஆகலாம். ஆனா இவருக்கு வந்ததுக்கு அது காரணம் இல்ல."

நான் எழுந்தேன். மூன்று மாதமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். தேவகி எழவில்லை.

"டாக்டர், ரொம்ப வருசம் குடிச்சிட்டு அப்பறம் வுட்டுட்டவங்களுக்கு? மூஞ்சி பழையபடி ஆய்டுமா?"

"சிவப்பு கொஞ்சம் குறையலாம். விரிஞ்ச குழாய் அப்படியேதான் இருக்கும்."

"குடிய வுட்டப்பறமும்?"

"விட்டப்புறமும்தான்."

தேவகி தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே எழுந்தாள்.

ஏரிக்கரையில்

வண்டியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் வந்தபோது, "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். ஏரியில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க பாட்டில தெனம் மோந்து பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா? கேக்கல?"

"என்னத்தக் கேக்க?"

கொஞ்ச நேரம் அழுதாள் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள். அவள் வார்த்தையிலேயே எழுதிவிடுகிறேன்.

"எங்கப்பா கடசியில குடிய வுட்டாரு. எட்டு மாசம். தொடவே இல்லன்னாரு. மூஞ்சி மட்டும் அப்டியே செவந்து கீது. நாங்க யாருமே நம்பல. தெனம் லாரிய வுட்டு வந்து, 'தேவு, ஊதறேன், மோந்து பாரும்மா'ன்னுவாரு. நான் மூஞ்சத் திருப்பிகினு உள்ள போய்டுவேன். ஒரு நாள் கூட மோந்து பாக்கல. அப்பறம் ஒரு நாள் நெஜமாவே குடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னாரு. 'குடிக்கலன்னாலும் குடிகாரன்தானே, இந்தா'ன்னாரு. அப்பறம் நிறுத்தவே இல்ல. ஆறு மாசத்துல போய்ட்டாரு."

எனக்கு ஒரு கருவி இருந்தது, ஒரு ஹவில்தார் இருந்தார். அந்த மனிதருக்கு இருந்தது ஒரு மகளின் மூக்கு. பக்கத்தில் போய் நின்றேன். அன்று அவள் மீது இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"படத்துல அவரு மூஞ்சிய நான்தான் ஸ்டூடியோல சொல்லி வழுவழுன்னு ஆக்கினேன்" என்றாள். "பாக்கறவங்க குடிகாரன்னு சொல்லக் கூடாதுன்னு."

மறு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் படப்பையில் அந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்த எட்டு மாதத்துக்குள் நடந்த அவள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. கம்ப்யூட்டரில் அசல் கிடந்தது. ஸ்டூடியோக்காரர் திறந்து காட்டினார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறார். கன்னம், மூக்கு எல்லாம் சிவப்பு. மூக்கோரத்தில் இழைகள். என் மூக்கில் இருக்கும் அதே இழைகள்.

"முகத்தை க்ளீன் பண்ணிடலாம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"வேணாம். எதையும் தொடாதீங்க. இருக்கறபடியே போட்டுக் குடுங்க" என்றாள் தேவகி.

இப்போது எங்கள் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. பாட்டில் மூடி சத்தம் நின்றுவிட்டது. அலமாரி மேல்தட்டில் பை இல்லை. நான் முகத்தை ஒற்றி எடுக்கும் துணி அவளுடைய பழைய பருத்திப் புடவையில் கிழித்தது. அவளே கிழித்து ஓரம் அடித்து வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு எதையும் பார்க்காதது போல உட்காருவார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் தேவகி தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போது தானாகவே சொல்லிவிடுவாள்.

"அது எங்கப்பா. குடிய வுட்டப்பறம் எடுத்தது."